அம்மா வாயில் வைக்காத கிழங்கு

கடை வாசலில் உருளைக்கிழங்கைக் கொட்டி வைத்து வெயிலில் காய விடுகிற கடைக்காரரைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் தலைக்கேறும். ஒரு சாக்கை எடுத்து மூடுங்கள் என்று சொல்லாமல் அந்த இடத்தைக் கடக்க மாட்டேன். சிலர் சிரிப்பார்கள். சிலர், வாங்குகிறதானால் வாங்கு, இல்லையென்றால் நடையைக் கட்டு என்பார்கள். என் பிள்ளைகள் என்னோடு கடைத்தெருவுக்கு வருவதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. அம்மாவுக்கு உருளைக்கிழங்கு என்றால் ஒரு கிறுக்கு என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் யாரும் பச்சை பிடித்த கிழங்கைத் தின்றவர்கள் இல்லை.

நான் தின்றிருக்கிறேன். ஐம்பதுகளின் நடுவில், எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது. பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையே கடலை ஒட்டி எங்கள் குடியிருப்பு. அய்யா, என் அப்பா, வள்ளத்தில் மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். அம்மா கரையில் மீன் காய வைப்பாள். அய்யாவின் அக்கா, எனக்கு அத்தை, புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டை ஒட்டினாற்போல ஒரு குடிசையில் இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஓலைத் தட்டிதான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து என்ன என்று கேள்வி வரும்.

எங்கள் கரையில் அப்போது உருளைக்கிழங்கு யார் வீட்டிலும் கிடையாது. ராமேஸ்வரத்துக்கு வருகிற வடநாட்டு யாத்திரைக்காரர்கள் சத்திரத்தில் பொங்கித் தின்கிற பண்டம் என்று மட்டும் தெரியும். ரயில்வேக்காரர்கள் வீட்டிலும் உண்டு என்று சொல்வார்கள். எங்களுக்குக் கிழங்கு என்றால் பனங்கிழங்கு. கை கொஞ்சம் தாராளமாக இருக்கும் நாளில் மரவள்ளி. மற்றபடி காலையும் மீன், மாலையும் மீன். அப்படி மீனைத் தின்றே வளர்ந்த எனக்கு, மீனே ஆகாத ஒரு நோய் வந்து சேர்ந்தது.

வயிற்றுக் காய்ச்சல் என்று அப்போது சொல்வார்கள். டைபாய்டு. பல நாள் கிடந்தேன் என்பதைத் தவிர அந்த நாட்களைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை, நினைவே இல்லை. காய்ச்சல் விட்டு நான் கண்ணை நன்றாகத் திறந்தபோது தலைமுடி பாயெல்லாம் உதிர்ந்து கிடந்தது. கால்கள் என்னுடையவையாகவே இல்லை. எழுந்து நின்றால் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிடுவேன். காய்ச்சல்தான் போய்விட்டதே, இனி என்ன என்று வேறு வீடாக இருந்தால் நினைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்போதுதான் பயம் தொடங்கியது.

காரணம், எனக்கு முன்னால் பிறந்த அண்ணன். நான் அவனைப் பார்த்ததில்லை. அவனுக்கும் இதே மாதிரிக் காய்ச்சல் வந்து, இதே மாதிரி விட்டு, எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்ட பிறகு, சாப்பாடு இறங்காமல் சருகாகிப் போய்ச் செத்தானாம். ஆக, எங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் எதிரி இல்லை. காய்ச்சலுக்குப் பிந்திய நாட்கள்தான் எதிரி. அந்த நாட்களில் பிள்ளை வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதுதான் அவளுக்கு உயிர்ப் பிரச்சினை.

அதற்கு மேல் ஒரு பேச்சும் உண்டு. அண்ணன் கிடந்தபோது அவன் குடிக்காமல் வைத்த கஞ்சியை அம்மா வீணாக்க மனமில்லாமல் குடித்துவிடுவாளாம். எந்தத் தாய்தான் அதைச் செய்வதில்லை? பிள்ளை மிச்சம் வைத்ததைத் தின்றே பாதித் தாய்மார் வயிறு நிறைகிறது. ஆனால் அவன் போன பிறகு, பிள்ளை வாய்க்குப் போக வேண்டியதை இவள் தின்றுவிட்டாள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன, அத்தைதான். துக்க வீட்டில் அழுகையோடு அழுகையாகச் சொன்ன சொல். அத்தை அதை மறந்திருப்பாள். அம்மா மறக்கவில்லை.

அதனால் நான் விழுந்ததும் அம்மா கரையில் சிலுவை நட்டிருக்கும் குருசடிக்குப் போய், அத்தையையும் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு, மாதாவுக்கு ஒரு நேர்ச்சை செய்தாள். இந்தப் பிள்ளை எழுந்து தன் காலால் மாதா கோயிலுக்கு நடந்து வரும் வரை, இதற்கென்று ஆக்கியதில் ஒரு பருக்கை கூட என் நாக்கில் படாது, என் வீட்டார் யார் நாக்கிலும் படாது. மெழுகுவர்த்தி, மாலை, மொட்டை என்று ஊரில் எத்தனையோ நேர்ச்சை உண்டு. இப்படி ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் கேள்விப்பட்டதில்லை. அவள் மனத்தில் எது உறுத்தியதோ அதையே எடுத்துக் கொடுத்தாள்.

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஆக்கிய எதையும் அம்மா ருசி பார்க்க மாட்டாள். உப்புக்கூடக் கைக்கணக்கில்தான் போடுவாள்.

காய்ச்சல் விட்டதும் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கன்னியர் மடத்து மருந்தகத்துக்குப் போனாள். எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்குகிற அளவுக்கு நான் இளைத்திருந்தேன். அங்கே இருந்த சிஸ்டர் மலைப் பக்கத்துக்காரர். கொடைக்கானலுக்கு மேலே எங்கோ பிறந்தவர். என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, இனி பயமில்லை, ஆனால் உடம்பு தேற வேண்டும் என்றார். மீன் கூடாது. காரம் கூடாது. வெறும் கஞ்சித்தண்ணீரில் பிள்ளை தேறாது. உருளைக்கிழங்கு கொடு என்றார்.

அம்மா விழித்தாள். சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். கிழங்கைக் கழுவித் தோலோடு அவிக்க வேண்டும். தோலை உரித்து எறிந்துவிடக் கூடாது, சத்தெல்லாம் தோலுக்கு அடியில்தான் இருக்கிறது. தோலோடு மசித்து, ஆட்டுப்பால் விட்டு, துளி உப்புப் போட்டுக் குழைத்து, காலையிலும் சாயங்காலத்திலும் கொடு. வயிற்றைப் புண்ணாக்காது, தெம்பு வரும், எலும்பில் சதை பிடிக்கும். அம்மா வழியெல்லாம் இதைச் செபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். தோலோடு அவிக்கணும், தோலை எறியக் கூடாது, பால் விடணும்.

சிஸ்டர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எப்படிச் சமைப்பது என்று சொன்னார், ஏன் சாப்பிட வேண்டும் என்று சொன்னார். எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லவில்லை. அவர் பிறந்த ஊரில் அதைச் சொல்லித்தர வேண்டிய தேவையே இல்லை. கருவாட்டை ஈரத்தில் வைக்காதே என்று எங்கள் கரையில் யாராவது யாருக்காவது சொல்வார்களா?

அய்யா மீன்கூடைகளோடு மதுரைக்கு ரயிலில் போகிற ஒருவரிடம் சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்கு வேண்டியதை வாங்கி வா என்றால், அடிக்கடி அலைய முடியாது என்று அந்த மனிதர் ஒரு சிறிய சாக்கு நிறைய வாங்கி வந்துவிட்டார். அய்யா அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் இறக்கியபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் பார்க்க வந்தார்கள். அத்தை ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, மண்ணில் கிடந்த கல்லு மாதிரி இருக்கு, இதையா தின்கிறார்கள் என்று கேட்டாள்.

முதல் நாள் கிழங்கு நன்றாக இருந்தது. அதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் அதன் ருசி எனக்கு நினைவிருக்கிறது. ஆட்டுப்பால் வாடையோடு, மாவாக, லேசான இனிப்போடு இருந்தது. பல நாளுக்குப் பிறகு வாய்க்குள் ஒரு சாப்பாடு. இன்னும் வேண்டும் என்று கேட்டேன். அம்மா முகம் மலர்ந்துபோயிற்று. அத்தையைத் தட்டிக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டு, இன்னும் கேட்கிறாள் மதினி என்று சொன்னாள். அடுத்த சில நாட்களும் அப்படியே போயின. ஒரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன்.

பிறகு சாக்கிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. எங்கள் வீட்டு மண்தரையில், கடல் ஈரம் ஏறிய மூலையில் சாக்கு கிடந்தது. அடியில் இருந்த சில கிழங்குகள் அழுகிக் கூழாகிவிட்டன. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. பிள்ளையின் உயிர் அந்தச் சாக்குக்குள் இருக்கிறது என்றல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உடனே எல்லாவற்றையும் வெளியே கொட்டினாள். அழுகியதைத் தள்ளினாள். மீதியைக் கடல் தண்ணீரில் அலசி எடுத்தாள். கருவாடு போடுகிற பனையோலைப் பாயைத் தட்டி விரித்து, அதன்மேல் பரப்பினாள்.

ஒரு பொருள் கெடத் தொடங்கினால் அதை வெயிலில் போடு. எங்கள் கரையில் இதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. நெத்திலியா, வெயிலில் போடு. சாளையா, உப்பைத் தடவி வெயிலில் போடு. அவித்த பனங்கிழங்கா, அதையும் வெயிலில் போடு, மழைக்காலம் வரை கெடாது. வெயில் அழுகலைக் கொல்லும். இது அம்மாவுக்குத் தெரிந்தது, அவள் அம்மாவுக்குத் தெரிந்தது. கரை முழுக்கக் காய்ந்து கிடக்கும் மீன்களுக்கு நடுவே ஒரு பாய் நிறைய உருளைக்கிழங்கு. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒருவரும் இது தப்பு என்று சொல்லவில்லை. காக்காய் வராமல் பார்த்துக்கொள் என்றுதான் சொன்னார்கள்.

அம்மா தினமும் காலையில் பரப்பினாள், மத்தியானம் புரட்டிப் போட்டாள், பொழுது சாயும்போது அள்ளி வைத்தாள். நாற்றம் நின்றது. கிழங்கு இறுகியது. அவளுக்கு நிம்மதி. அப்புறம் தோல் பச்சை பிடிக்கத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு நன்றாகவே. கிழங்கின் கண்களில் முளையும் எட்டிப் பார்த்தது.

அதைப் பார்த்து அம்மா பயந்திருக்க வேண்டும் என்று இன்று படித்தவர்கள் சொல்லலாம். எங்கள் ஊரை அவர்கள் பார்த்ததில்லை. மணலும் முள்ளும் பனையும்தான் எங்களுக்குத் தெரிந்த நிலம். அங்கே எதுவாவது பச்சையாக இருந்தால் அதற்கு உயிர் இருக்கிறது என்று பொருள். காய்ந்தது செத்தது, பச்சை பிழைத்தது. அம்மா ஒரு கிழங்கை எடுத்துவந்து படுத்திருந்த என் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"பாரு தாயி, பச்சை புடிக்குது. உசுரு திரும்பிருச்சு. ஒனக்கும் அப்பிடித்தேன் திரும்பும்."

அவள் கண்ணில் அவ்வளவு சந்தோஷம். மாதா அடையாளம் காட்டியதாகவே நினைத்தாள். நல்ல பச்சையாக இருந்ததை எனக்கென்று பொறுக்கி எடுத்து முதலில் அவித்தாள்.

ஒரு வாய் வாங்கினேன். கசந்தது. பாகற்காய்க் கசப்பு இல்லை, அது வேறு. இது நாக்கில் கசந்து, தொண்டையில் இறங்கும்போது சுள்ளென்று எரிந்தது. கசக்குதும்மா என்றேன். காய்ச்சல் கண்ட வாய் கசக்கத்தான் செய்யும் என்றாள் அம்மா. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையும் அதையே சொன்னாள். உலகத்துக்கே தெரிந்த விஷயம் அது. காய்ச்சலில் கிடந்தவர்களுக்குச் சர்க்கரையும் கசக்கும். நேற்று வரை கசக்கவில்லையே என்று நான் சொன்னேன். அதை யார் காதில் வாங்கினார்கள்? எட்டு வயதுப் பிள்ளை சொல்லுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

அன்று சாயங்காலம் வாந்தி எடுத்தேன். வயிற்றைப் பிசைந்தது. மறுநாள் தலை சுற்றியது, வயிற்றால் போனது. அம்மா என் நெற்றியில் கையை வைத்துப் பார்ப்பாள். சூடு இல்லை. கழுத்தில் வைத்துப் பார்ப்பாள். அங்கேயும் இல்லை. காய்ச்சல் இல்லாமல் பிள்ளை சுருளுகிறது. அண்ணனுக்கும் இப்படித்தான் ஆயிற்று. அவள் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் எழுத வரவில்லை. தெம்பு போதவில்லை, அதனால்தான் இப்படி என்று முடிவு செய்தாள். தெம்புக்கு என்ன வழி? சிஸ்டர் சொல்லியிருக்கிறாரே. இரண்டு வேளை கொடுத்ததை மூன்று வேளையாக்கினாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் மூக்கைப் பிடித்தாள். மூச்சுக்கு வாயைத் திறந்தபோது விரலால் உள்ளே தள்ளினாள். துப்பினேன். துப்பியதை வழித்து மறுபடியும் தள்ளினாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். மிச்சத்தை யாரும் தொடக் கூடாதென்பதால் கடலில் கொண்டுபோய்க் கொட்டினாள். ஒரு கோழி தின்றிருந்தால்கூட விஷயம் தெரிந்திருக்கும். அதற்கும் அந்த நேர்ச்சை வழி விடவில்லை.

எனக்கு இன்றைக்கும் தாங்காதது இதுதான். அந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவர் இல்லை. சத்து இருக்கிறது என்று சொன்ன சிஸ்டர் நல்லவர். தோளில் சுமந்து வந்த அய்யா நல்லவர். வெயிலில் காய வைத்ததும் நல்லதுக்கு, தோலை உரிக்காததும் நல்லதுக்கு, ருசி பார்க்காததும் நல்லதுக்கு. இத்தனை நல்லதும் சேர்ந்து ஒரு பிள்ளையைக் கொன்றுகொண்டிருந்தது. யாராவது ஒருவர் கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால் நான் அவ்வளவு பட்டிருக்க மாட்டேன்.

ஒரு மத்தியானம். அய்யா கடலுக்குப் போயிருந்தார். கச்சான் காற்று மணலை வாரி ஓலையில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். எனக்கு எதிர்க்கத் தெம்பு இல்லை. மூக்கைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு, அதன்மேல் என் கையை வைத்தேன்.

"நீ ஒரு வா தின்னு பாரும்மா. கசக்கலேன்னா நா தின்னுர்றேன்."

அவள் கை நின்றுவிட்டது. தட்டி விலகியது. அத்தை வந்து நின்றாள். பிள்ளை என்ன கேட்கிறது என்று அவளுக்குக் கேட்டுவிட்டது.

"அது அறியாப் புள்ள கேக்குது. நீ வாயில வச்சுராத. குருசடியில வச்சுச் சொன்ன சொல்லு. ஒண்ணப் பறிகுடுத்தது போதும்."

அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த நேரத்தில் இருந்த கணக்கு எளிது. தின்றால் மாதாவுக்குக் கொடுத்த வாக்கு போகும், வாக்கு போனால் பிள்ளை போகும். தின்னாவிட்டால், கண்ணெதிரே பிள்ளை போய்க்கொண்டிருக்கிறது. நான் கசப்பு என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. நம்பாமலே, ஆனால் நான் கேட்டதற்காக, கிண்ணத்தில் விரலை விட்டு ஒரு வாய் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

மென்றாள். மெல்லுவது நின்றது. துப்புவாள் என்று நினைத்தேன், துப்பவில்லை. விழுங்கினாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். எரிச்சல் அவளுக்கும் இறங்கியிருக்க வேண்டும். அப்புறம் ஒரு சத்தமும் இல்லாமல் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அத்தையைப் பார்த்துச் சொன்னாள், மிக மெதுவாக.

"புள்ள பொய் சொல்லல மதினி."

பாயில் கிடந்த கிழங்குகளில் கை நிறைய அள்ளி மடியில் கட்டிக்கொண்டு, அந்த வெயிலில் மருந்தகத்துக்கு ஓடினாள். திரும்பி வரும்போது சிஸ்டரும் கூட வந்தார். நடந்து வந்த மூச்சு வாங்கலோடு பாயைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கிழங்கைக் கத்தியால் கீறி, தோலுக்கு அடியில் ஓடிய பச்சையைக் காட்டினார். இது விஷம் என்றார். உருளைக்கிழங்கை வெயிலில் வைக்கவே கூடாது. காற்றாடுகிற இருட்டு இடத்தில், ஈரம் படாமல், உலர்ந்த மணலின்மேல் பரப்பி வைக்க வேண்டும். பச்சை பிடித்தால், முளை விட்டால், அதைத் தின்னக் கொடுக்கக் கூடாது. இதை எல்லாம் நான் உன்னிடம் சொல்லாமல் போனேனே என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா அந்தக் கையை உதறவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

நான் பிழைத்தேன். கிழங்கை நிறுத்தியதும் வாந்தி நின்றது. மறுபடி கஞ்சி, அப்புறம் குழைந்த சோறு, அப்புறம் முட்டை என்று மெல்லத் தேறினேன். அய்யா வந்து விஷயத்தைக் கேட்டதும் சாக்கில் இருந்தது, பாயில் இருந்தது எல்லாவற்றையும் அள்ளிக் கடலில் கொட்டினார். கடல் அதை ஏற்கவில்லை. அலை உருட்டி உருட்டிக் கரைக்கே கொண்டுவந்து போட்டது. கொஞ்ச நாளைக்குக் கரையில் கால் வைத்தால் ஒரு கிழங்கு காலில் இடறும். அத்தைதான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தாழம்புதருக்கு அடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தாள்.

என் காலால் நடந்து கோயிலுக்குப் போன நாளில் அம்மா எனக்குப் பின்னால் வந்தாள். வாசலில் நின்றுகொண்டாள். நேர்ச்சையை முறித்தவள் என்று அவளுக்கு அவளே வைத்துக்கொண்ட தண்டனை. பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்தில் கோயில் சாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். பிள்ளையைக் காப்பாற்றத்தானே தின்றாய், அதில் பாவம் என்ன இருக்கிறது, மாதாவே உன்னைத் தின்ன வைத்தாள் என்று நினைத்துக்கொள் என்று அவர் சொன்னாராம். நல்ல மனிதர், சரியாகத்தான் சொன்னார். அம்மா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். நம்பவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் அவள் முகம் வெளுத்துவிடும். வாக்குத் தவறியதற்கு மாதா எப்போது வந்து கேட்பாளோ என்று காத்திருப்பது போலத் தெரியும். இன்னொன்றும் பழகிவிட்டது. நான் சாப்பிட உட்கார்ந்தால், அவள் முதலில் ஒரு வாய் எடுத்துத் தின்று பார்ப்பாள். கஞ்சியா, மீன்குழம்பா, திருவிழாவில் வாங்கிய மிட்டாயா, எதுவானாலும். நான் வளர்ந்தேன், பள்ளிக்கூடம் போனேன், தாவணி போட்டேன். அவள் நிறுத்தவில்லை. எனக்கு எரிச்சலாக வரும். நான் என்ன ராணியா, எனக்கு விஷம் வைக்க யார் காத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். நான்தான் வைத்தேனே என்றாள்.

அறுபதுகளில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அதற்குள் உருளைக்கிழங்கு எங்கள் கரைக்கும் வந்து பழகிவிட்டது. கல்யாண வீட்டில் ஆட்டுக்கறியோடு உருளைக்கிழங்கு போட்டால்தான் விருந்து என்று ஆகியிருந்தது. கோயிலில் தாலி மந்திரித்துக் கட்டி முடித்து, பந்தலில் என்னையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்து இலை போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். சோறு விழுந்தது, கறி விழுந்தது, கறிக்குள் பெரிய பெரிய உருளைக்கிழங்குத் துண்டுகள். நான் கையை வைக்கப் போனேன்.

அம்மா எங்கிருந்தோ வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, குனிந்து, மணப்பெண்ணின் இலையிலிருந்து ஒரு துண்டுக் கிழங்கை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மகள் கல்யாண இலையில் தாய் கை வைத்துத் தின்பதா? என் மாமியார் முகம் சுருங்கியது. யாரோ ஒருத்தி வாய்விட்டே சொன்னாள், இதென்ன தரித்திரம் என்று. எனக்கு நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அத்தை பின்னாலிருந்து முன்னே வந்தாள். கிழவியாகிவிட்டிருந்தாள், ஆனால் குரல் அப்படியே இருந்தது.

"அவ தின்னு பாத்துத்தேன் குடுப்பா. அன்னைக்கி அவ தின்னதுனாலதேன் ஒங்களுக்கு இன்னைக்கி மருமக இருக்கா."

மாப்பிள்ளை வீட்டாருக்கு அது புரிந்திருக்காது. அம்மா மென்றுகொண்டே நின்றாள். நான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். நன்றாக வெந்து, கறியின் சாறு ஏறி, மாவாகக் கரைந்தது. அவளை நிமிர்ந்து பார்த்து, கசக்கலம்மா, நல்லாருக்கு என்றேன்.

அவள் நம்பவில்லை. குனிந்து என் இலையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துத் தின்று பார்த்தாள்.